ஊதாத் துண்டுக்காரன் சொல்லாத சொல்

இந்த ஊரில் கார்ட்டூன் தொடங்கும்போது தொலைக்காட்சித் திரையின் மேல்மூலையில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சில படங்களுக்கு எழுத்தை ஒட்டி ஏழு என்ற எண்ணும் இருக்கும். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது மறைந்துவிடும். வந்த புதிதில் அதை சானல் நம்பர் என்று நினைத்தேன். பிறகு வெளியே அடிக்கிற குளிரைக் காட்டுகிறார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஒஹாயோவில் அந்த ஜனவரி மாதத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் கம்பெனியில் யாரையோ விசாரித்துவிட்டு வந்து சொன்னார், அது வயசாம். ஏழு என்று போட்டிருந்தால் ஏழு வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம். வெறும் எழுத்து மட்டும் இருந்தால் பால்குடி மறந்த எந்தக் குழந்தையும் பார்க்கலாம். நம் ஊரில் சினிமாக் கொட்டகைக்குத்தான் ஏ, யு எல்லாம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிற பெட்டிக்கும் வயது பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அதோடு குழப்பம் தீர்ந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. ஏழு என்றால் எந்த ஏழு? கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் யாரும் முடிந்த வயதை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். "நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குதுங்க" என்பார்கள். நடக்கிற வயதுதான் எங்களுக்கு வயது. அப்படிப் பார்த்தால் ஏழு என்று போட்ட படத்தை ஆறு முடிந்த பிள்ளை பார்க்கலாம். என் மகன் கவினுக்கு அப்போது ஐந்து நடந்துகொண்டிருந்தது. அதிலும் அவன் வயதுக்கு மீறின உயரம். நடுவில் இருக்கிற ஒரு வருஷத்துச் சொச்சத்தை நான் மனசுக்குள்ளேயே தள்ளுபடி செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். இங்கேயும் அதே வேலைதான். அளவு விஷயத்தில் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார். "ஏழுன்னா ஏழு முடிஞ்சிருக்கோணும். நீயா ஒரு கணக்குப் போடாத" என்றார்.

இந்த நடக்கிற வயது பிரிஸ்கூலிலும் என்னைக் காலை வாரிவிட்டது. கவினைச் சேர்க்கப் போன அன்று அவனுடைய டீச்சர் டோனா, நல்ல மனுஷி, குனிந்து அவன் உயரத்துக்கு வந்து என்ன வயது என்று கேட்டார். அவன் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஃபோர் ஃபினிஷ்ட், ஃபைவ் ரன்னிங்" என்றேன். டோனா முகமெல்லாம் சிரிப்பாக, "ஓ, ஓடுவது பிடிக்குமா? இங்கே ஓட நிறைய இடம் இருக்கிறது" என்று சொல்லிப் பின்பக்கத்து மைதானத்தைக் காட்டினார். மைதானம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனுக்கு விளையாட்டுத் துணை கிடையாது. நாள் முழுவதும் என் ஒருத்தி குரல்தான் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. பள்ளி வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு அவன் கத்துகிற கத்தலுக்கு மற்ற தாய்மார்கள் என்னைப் பார்க்காத மாதிரி நடந்து போவார்கள். கடைசியில் அவனை உள்ளே அனுப்பி வைத்தவன் ஒரு கார்ட்டூன்காரன்தான். அவனுடைய ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையவில்லை. முதுகில் ஊதா நிறத்தில் ஒன்று தொங்கும், அது எனக்குக் குளித்துவிட்டுப் போட்டுக்கொண்ட துண்டு மாதிரி தெரிந்தது. எங்கள் வீட்டில் அவன் ஊதாத் துண்டுக்காரன். கடையில் தேடி ஒரு ஊதாத் துண்டு வாங்கி, கவின் கழுத்தில் ஊக்குக் குத்தி விட்டேன். மறுநாள் என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் சனிக்கிழமை காலை கார்ட்டூன்களைத் தேர்வு செய்வதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் காப்பி, ஒரு கையில் ரிமோட் என்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ரத்தம் வருகிறதா, யாராவது சாகிறார்களா, பெண்பிள்ளையை அடிக்கிறார்களா, மாடியிலிருந்து குதிக்கிறார்களா என்று பார்ப்பேன். ஊதாத் துண்டுக்காரன் குதிக்கத்தான் செய்தான். ஆனால் நாங்கள் இருந்தது தரைத்தளம், அதனால் மன்னித்துவிட்டேன். கட்டடங்களை இடிப்பான். திருடர்களைப் பிடித்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடி, நிலாவில் கொண்டுபோய் அடுக்கி வைப்பான், ஊறுகாய் மாதிரி. யாரும் சாக மாட்டார்கள். "ஜாடிக்குள்ள இருக்கறவங்களுக்குச் சோறு யாரும்மா குடுப்பாங்க?" என்றுதான் கவினுக்குக் கவலை.

மூலையில் ஏழு போட்ட இந்த அடிதடியை அவன் உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டு பார்த்தான். எழுத்து மட்டும் போட்ட, எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது என்று முத்திரை வாங்கிய இன்னொரு படம் உண்டு. அதில் ஓர் ஆட்டுக்குட்டி தொப்பி போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓட்டும். சேற்றில் சிக்கிய வாத்து, கிணற்றில் விழுந்த முயல் என்று காப்பாற்றிக்கொண்டே போகும். அதுவும் சூப்பர் ஹீரோதானாம். ஒரு நாள் அந்த ஆட்டுக்குட்டியின் அம்மா மூடுபனியில் காணாமல் போய்விட்டது. கடைசியில் கிடைத்தும் விட்டது. ஆனாலும் கவின் விம்மி விம்மி அழுதான். அதற்குப் பிறகு வெளியே பனி மூட்டம் போட்டால் என்னைக் குப்பை போடக்கூட வெளியே விடவில்லை. இதில் எது பிள்ளைக்கு ஏற்றது, எது ஏற்காதது? கட்டத்துக்குள் எழுத்துப் போட்டவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் அவன் மெல்ல மெல்ல ஆங்கிலம் பேசத் தொடங்கினான். டோனா ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "ஹீ புட்ஸ் எவ்ரிதிங்" என்றார். எல்லாவற்றையும் போடுகிறான். சாமான்களைக் கண்ட இடத்தில் போடுகிறான் என்று புகார் சொல்கிறார் என நினைத்து, வீட்டுக்கு வந்து அவனுக்கு பொம்மையை எடுத்த இடத்தில் வைக்கப் பாடம் நடத்தினேன். அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

பனி உருகின பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது, கொஞ்சம் வர முடியுமா என்று. போனேன். பிள்ளைகள் உட்காரும் முழங்கால் உயர நாற்காலியில் டோனாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் சிரிக்கவில்லை. ராபி என்ற பையன் கவினுடைய துண்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். கவின் அவனைப் பார்த்து, "ஐ வில் கில் அண்ட் புட் யூ" என்று சொல்லியிருக்கிறான். ராபி பயந்து அழுதுகொண்டே வீட்டில் போய்ச் சொல்ல, ராபியின் அம்மா பள்ளியில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். எனக்கு "கில்" என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. நான் பெற்ற பிள்ளை, எறும்பை மிதித்துவிட்டால் அரை நாள் வருத்தப்படுகிறவன், கொல்லுவேன் என்றா சொன்னான்?

"புட் என்கிறானே, எங்கே போடுவானாம்?" என்று டோனா கேட்டார். எனக்குச் சட்டென்று ஜாடி நினைவுக்கு வந்தது. ஊதாத் துண்டுக்காரனையும் நிலாவையும் ஊறுகாய் அடுக்கையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் தொங்கிப்போனது. வீட்டில் இதைத்தான் பார்க்கிறானா, மூலையில் இருக்கும் எண்ணை நீங்கள் கவனிப்பதில்லையா என்று கேட்டார். "சிக்ஸ் ஃபினிஷ்ட், செவன் ரன்னிங்" என்று தொடங்கி நானே நிறுத்திக்கொண்டேன். சூப்பர் ஹீரோ படங்களை நிறுத்திவிடச் சொன்னார். இனி ஒருமுறை இப்படி நடந்தால் இலையுதிர் காலத்தில் அடுத்த வகுப்பு தொடங்கும்போது அவனுக்கு இங்கே இடம் கொடுப்பது சிரமம் என்பதையும் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்.

துண்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கார்ட்டூனுக்குத் தடை போட்டேன். கவின் பழையபடி பள்ளி வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டான். இந்த முறை கத்தக்கூட இல்லை, சும்மா நின்றான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் இல்லாத நேரத்தில், வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்த ஊதாத் துண்டுக்காரனின் கதைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சொல்லை எங்கே பிடித்தான் என்று கண்டுபிடித்தாக வேண்டும். கெட்டவர்கள் அழித்துவிடுவேன் என்றார்கள், ஒழித்துக்கட்டுவேன் என்றார்கள், இனி இந்த நகரம் எனது என்றார்கள். கொல்லுவேன் என்று மட்டும் ஒருவன்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் படம் என்பதால் அந்தச் சொல்லை அவர்களே பொறுக்கி எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பின் எங்கிருந்து வந்தது? "உடு, ராபிகிட்டயே கத்துக்கிட்டிருப்பான்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஆறவில்லை.

பள்ளி விடுமுறையில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கவினும் மட்டும் ஊருக்குப் புறப்பட்டோம். பெரியநாயக்கன்பாளையத்தில் என் அக்கா வீட்டில்தான் தங்கல். வீட்டின் முன்பக்கம் அக்கா வீட்டுக்காரரின் லேத் பட்டறை, பின்பக்கம் வீடு. கேபிள் டிவி ஒயர் கூரை கூரையாகத் தாவி வந்து அக்கா வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே நுழைந்திருந்தது. டிவி காலையில் போட்டால் கரண்டு போகிற வரைக்கும் ஓடும். அக்காவின் பெரியவன் சதீஷ் ஒன்பதாவது படிக்கிறான். சின்னவளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. சதீஷ், அவன் மடியில் அந்தக் கைக்குழந்தை, டீ குடிக்க வந்த பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டம்மா என்று எல்லாரும் ஒரே பெட்டியில் ஒரே படத்தைப் பார்ப்பார்கள். கத்திக்குத்தும் பார்ப்பார்கள், சாமி படமும் பார்ப்பார்கள்.

நான் முதல் நாளே என் சட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். படத்துக்கு வயது இருப்பதையும், கட்டத்துக்குள் ஏழு போடுவதையும், கவினுக்கு அதெல்லாம் கூடாது என்று டீச்சர் சொன்னதையும் அக்காவிடம் சொன்னேன். ராபி விவகாரத்தை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அம்மணி, சின்னப்புள்ளைக்குன்னு தனியா ஒரு டிவியா? அப்பொ உங்க மாமனுக்கு ஒண்ணு, பட்டறை ஆளுகளுக்கு ஒண்ணு வாங்கோணுமா?" என்றாள். பிறகு கூடத்தை எட்டிப் பார்த்து, "ஏழுன்னா ஏழு பேரு உக்காந்து பாக்கோணும்ங்கறானோ என்னமோ. எண்ணிப் பாரு, சரியாத்தான் இருக்குது" என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் சாட்சாத் ஊதாத் துண்டுக்காரன். கடல் தாண்டி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். என்ன, இங்கே இந்தியில் பேசினான். இந்தி யாருக்கும் தெரியாததால் சதீஷ் தானாகவே தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க திருடருங்களா, சித்தெ நில்லுங்க. ஓடுனா எனக்கு மூச்சு வாங்குதுங்க. இந்த ஜாடிக்குள்ள போய் உக்காந்துக்கறீங்களா?" என்று ஊதாத் துண்டுக்காரன் கெஞ்ச, திருடன் "ஆகட்டுங்க, செருப்பு மட்டும் வெளிய உட்டுட்டு வாரேனுங்க" என்று உள்ளே போனான். கவின் சிரித்த சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! ரிமோட்டைக் கையில் எடுத்த நான் அதை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வாரம் பட்டறையில் மோட்டார் கட்டுகிற செம்புக் கம்பிச் சுருள் ஒன்று களவு போயிருந்தது. அக்கா எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனாள். அங்கே அம்மன் மல்லாந்து படுத்திருக்கிறாள், ஒரு வீட்டு நீளத்துக்கு. களவு கொடுத்தவர்கள் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுவார்கள். கூட்டத்தில் கவினை அக்காதான் இடுப்பில் வைத்திருந்தாள்.

"பெரியம்மா, இவங்க சூப்பர் ஹீரோவா?"

"ஆமாங் கண்ணு. நாம சொன்னாப் போதும், மிச்சத்த இவிய பாத்துக்குவாங்க."

"பறப்பாங்களா?"

"எதுக்குப் பறக்கோணும்? படுத்துக்கிட்டே பாத்துக்குவாங்க."

"பவர் என்ன?"

"மொளகா" என்றாள் அக்கா.

கவின் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டான். பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. நான்தான் வரிசையில் நின்றபடி குழம்பிக்கொண்டிருந்தேன். மிளகாய் நெடியில் பிள்ளைகள் தும்முகிறார்கள், திருடனுக்கு உடம்பெல்லாம் எரியட்டும் என்று பெரியவர்கள் வாய்விட்டு வேண்டுகிறார்கள், எந்த மூலையிலும் எழுத்து இல்லை, எண் இல்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். நான் யாரையும் கொல்லவில்லை. அப்படியென்றால் டோனா சொன்னது தப்பா? துண்டைப் பிடித்து இழுத்த ராபி பயந்து அழுதானே, அது பொய்யா? இரண்டும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலை அக்கா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சட்னிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கவின் ஒரு தோசையோடு நைசாக எழுந்திருக்கப் பார்த்தான். அக்கா தோசைத் திருப்பியை அவன் பக்கம் நீட்டி, "உக்காருடா தங்கம். இன்னொரு தோசை போடறேன். சாப்புடாட்டிக் கொன்னுபோடுவேன்" என்றாள். அவன் கெக்கலித்துச் சிரித்துக்கொண்டே சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஆவென்று வாயைத் திறந்தான். சதீஷுக்கு அமெரிக்காக்காரனைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். "டேய், எங்கம்மா இப்பொச் சொன்னத இங்கிலீஸ்ல சொல்லு பாக்கலாம்" என்றான்.

கவின் யோசிக்கவே இல்லை. "ஐ வில் கில் அண்ட் புட் யூ" என்றான்.

அடுப்படியே சிரித்தது. எனக்கு மட்டும் சட்னிக் கரண்டி கையில் நின்றுவிட்டது. கொன்று, போடுவேன். கில் அண்ட் புட். ஹீ புட்ஸ் எவ்ரிதிங். அவன் போடாமல் என்ன செய்வான்? எங்கள் பேச்சில் போடாத வேலை ஏது? பாலைக் குடிச்சுப்போடு, கதவைச் சாத்திப்போடு, அவன் தூங்கிப்போட்டான், நான் மறந்துபோட்டேன். அவனும் பள்ளியில் பாலைக் குடித்துப் போட்டிருக்கிறான், கதவைச் சாத்திப் போட்டிருக்கிறான், டோனா அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். மாதக்கணக்கில் கேசட்டைத் தேய்த்துத் தேடின சொல் என் வாயில்தான் இருந்திருக்கிறது. காலையில் எழுப்பும்போது, குளிக்க வைக்கும்போது, ஊட்டும்போது, கொஞ்சும்போது, அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கும்போதுகூட நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சொல்லும்போது அதில் கொலை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

மெயின் ரோட்டு டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ என்னையவே நாளைக்கு நாலு தடவ கொன்னுபோடறயே. நானும் உசுரோடதான் இருக்கறேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதையெல்லாம் அந்த டீச்சர்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளை மேல் விழுந்த பழியைத் துடைக்க இதைவிட நல்ல சாட்சி எது?

திரும்பி வந்து, பள்ளி திறந்த வாரமே டோனாவிடம் போய் உட்கார்ந்தேன். விமானத்திலேயே மனசுக்குள் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். படத்தின் மேல் குற்றமில்லை, அவன் மேலும் குற்றமில்லை, அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல் என்றேன்.

"உங்கள் வீட்டில் யார் அப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன் பெருமையாக. "எவ்ரி டே."

"கொன்றுவிடுவேன் என்றா? அவனிடமா?"

"எஸ், எஸ். வித் லவ்."

அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் சொன்னது எனக்கு உறைத்தது. டோனா மிக மெதுவாக, வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா, உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். எழுந்து போய், பள்ளியை நடத்துகிற தலைவியை அழைத்து வந்தார். அவர் கதவைச் சாத்தினார். இங்கே பிள்ளையை மிரட்டினால் அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள், பிள்ளையைக் கூட்டிப்போய்விடவும் செய்வார்கள் என்று நம் ஆட்கள் விருந்துகளில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வதை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். நல்ல பெயர் வாங்க வந்து என் பிள்ளையையே பறிகொடுக்கப் போகிறேனா?

கவினை அழைத்து வந்தார்கள். தலைவி அவனை எதிரே உட்கார வைத்து, ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, கொஞ்சும் குரலில் கேட்டார். அம்மா உன்னிடம் "கில் அண்ட் புட்" என்று சொல்வார்களா? அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அப்படிச் சொல்லிவிட்டு அம்மா என்ன செய்வார்கள்? அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவர்களைப் பார்த்தான். இது தெரியாதா உங்களுக்கு என்கிற முகம்.

"ஷீ புட்ஸ் தோசை" என்றான்.

தோசை என்றால் என்ன என்று கேட்டார்கள். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெரிய வட்டம் போட்டான். பிறகு ஆவென்று வாயைத் திறந்து காட்டினான். டோனா முதலில் வாயைப் பொத்தினார், பிறகு பொத்த முடியாமல் சிரித்துவிட்டார். தலைவியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவனுக்கு அவன் இடம் உண்டு என்றார்கள். துண்டையும் கட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். நாங்கள் எழுந்தபோது தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரிகிறது, ஆனாலும் இங்கே அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருப்பது உங்களுக்கு நல்லது, எல்லாரும் எங்களைப் போலக் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதனால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

அன்றிலிருந்து என் வாய்க்கு நானே ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். கொன்னுபோடுவேன் போயிற்று. அடிச்சுப்போடுவேன் போயிற்று. தோலை உரிச்சுப்போடுவேன், கடிச்சுத் தின்னுபோடுவேன் எல்லாம் போயிற்று. அவற்றையெல்லாம் எடுத்த பிறகு பிள்ளையைக் கொஞ்சுவதற்கு என்னிடம் மிச்சம் இருந்தவை மிகச் சில சொற்கள்தான் என்று கண்டபோது திகைப்பாக இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "ப்ளீஸ் கண்ணு, சாப்பிடு", "குட் பாய், பல் தேய்" என்று யார் வீட்டுப் பிள்ளையிடமோ பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தேன். மளிகைக் கடையில், கார் நிறுத்துமிடத்தில், குடியிருப்பின் படிக்கட்டில், எங்கேயும் யாரும் என்னைத் தப்புச் சொல்ல முடியாது. கார்ட்டூனும் அப்படியே. கட்டத்தில் எழுத்து மட்டும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவேன். ஊதாத் துண்டுக்காரன் அவனுக்கு ஏழு முடிந்த பிறகு வரட்டும். நடக்கும்போது அல்ல, முடிந்த பிறகு.

போன வாரம் ஒரு மாலை, ஆம்புலன்ஸ் ஆட்டுக்குட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. கவின் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் தோசையைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கினவன் போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். "ப்ளீஸ் கண்ணு" என்றேன். திரும்பவில்லை. "குட் பாய் இல்லையா நீ" என்றேன். அவன் டிவியை விட்டுவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அம்மா, எம்மேல கோவமா?"

"இல்லியே சாமி. எதுக்குக் கோவம்?"

"அப்பறம் ஏன் என்னைய இப்பொக் கொன்னுபோடவே மாட்டீங்கற?"

அவன் கண் கலங்கியிருந்தது. எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தானோ. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். சன்னலுக்கு வெளியே பக்கத்துக் குடித்தனக்காரர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்துவிட்டு சன்னலை மூடினேன். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். ஆட்டுக்குட்டியின் ஆம்புலன்ஸ் வீடு அதிர ஊளையிட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தோசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவன் காதோடு வாயை வைத்து, "சாப்புடாட்டிக் கொன்னுபோடுவேன் தங்கம்" என்று ரகசியமாகச் சொன்னேன்.

அவன் சிரித்துக்கொண்டே ஆவென்று வாயைத் திறந்தான். நான் ஊட்டிவிட்டேன். ஊட்டிவிட்டு, யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று சன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.